நிலுவை இல்லாத வீடு

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் என் கைப்பேசியில் குறிப்பு எழுதும் செயலி ஒன்று வந்து சேர்ந்தது. இறக்கிக் கொடுத்தவள் ஓசூரில் இருக்கும் மகள்.

"அப்பா, ஆபீஸ் இல்லன்னு அம்மாவப் போட்டு பேஜார் பண்ணாதீங்க. எதுவா இருந்தாலும் இதுல எழுதுங்க" என்றாள்.

செயலி முதலில் சில தலைப்புகளைத் தானாகவே காட்டியது. 'என் கனவுகள்' என்று ஒன்று. 'போக விரும்பும் இடங்கள்' என்று இன்னொன்று. இரண்டையும் நீக்கிவிட்டு வீடு, உடல்நலம், அக்கம்பக்கம், இதர இனங்கள் என நான்கு பிரிவுகள் தொடங்கினேன். ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண், ஆண்டு, பொருள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

அலுவலகத்தில் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. ஓர் எழுத்தருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அதில் ஏறும். மாதக் கடைசியில் எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை என்று கணக்குக் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர் பார்ப்பது அந்த நிலுவை எண்ணிக்கையை மட்டும்தான். ஆகவே மாதக் கடைசியில் யாராவது ஒருவருக்கு 'விவரம் அனுப்பக் கோரப்படுகிறது' என்று கடிதம் எழுதிவிட்டால், காகிதம் நம் பதிவேட்டில் முடிந்து அவர்கள் பதிவேட்டில் பிறக்கும். இதைத் தவறு என்று யாரும் சொன்னதில்லை. என் பிரிவில் நிலுவை பெரும்பாலும் பூஜ்யமாகவே இருந்தது.

வீட்டிலும் அப்படியே கொண்டுவந்தேன். மாடித் தளம் ஒழுகியது. மேஸ்திரிக்குச் செய்தி அனுப்பிக் குறிப்பை முடித்தேன்.

"மேல ஒழுகுதுங்க" என்றாள் மனைவி.

"அது முடிஞ்சிடுச்சி."

"தண்ணி கொட்டுதுன்றேன்."

"மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சி. இனிமே அது அவர் நிலுவை."

அவள் வாளியைக் கொண்டுபோய் வைத்தாள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மேல்தோல் தைத்து, கடைசியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவள். நிற்காமல் ஓடும் வேலைக்குப் பழகியவள். என் முறை அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்தது. வலப்பக்கம், சுண்டைக்காய் அளவு. வேலூரில் காட்டினோம். ஊசி போட்டுக் கொஞ்சம் திசு எடுத்துச் சோதித்துவிடலாம், பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதே தெருவில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் எடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரிப்போர்ட் எப்போ?"

"நாலு நாள்ல. எழுதி வச்சிட்டேன்."

எழுதித்தான் வைத்திருந்தேன். உடல்நலம், எண் ஏழு. நான்காம் நாள் மாதக் கடைசியாக அமைந்தது. வேலூருக்குப் போய்வர அரை நாள் ஆகும். ரசீதில் ஒரு வாட்ஸப் எண் இருந்தது. 'பார்வையில் கண்ட ரசீதின்படி எடுக்கப்பட்ட பரிசோதனையின் முடிவினை இவ்வெண்ணுக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு கோடு விழுந்தது. எண் ஏழு, முடிந்தது. அன்றைய கணக்கில் வீட்டில் நிலுவை இல்லை. முடிந்த குறிப்புகள் அடுத்த மாதப் பக்கத்துக்கு வராது. அதைப் பற்றி நான் மறுபடி நினைக்கவே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவளும் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவள் வேறு முடிவுக்கு வந்திருந்தாள். ரிப்போர்ட் வந்துவிட்டது, கெட்ட செய்தி, இந்த மனிதர் மறைக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க போன்ல எழுதிக்கோங்க" என்றாள்.

"இன்னா எழுதணும்?"

"சொல்றேன். ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி. ஒருத்தருக்கு முக்கால் போட்டாப் போதும், அரை போட்டா கம்மியாப் பூடும்."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பல மாதமாக அந்தச் செயலியை அவள் ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தானாக வந்து விவரம் தருகிறாள். சமையல் என்று ஐந்தாவது பிரிவு தொடங்கினேன்.

தினமும் காலையில் வந்தாள். புளி எந்த ஜாடியில், அடுப்பில் இடப்பக்கத் திருகு ஏன் இறுகும், ரேஷன் கார்டு எந்தப் புடவைக்கு அடியில், மாவு புளிக்க மழைக் காலத்தில் எவ்வளவு நேரம், பால்காரம்மா என்றைக்கு வரமாட்டாள், மகளோடு போனில் பேசும்போது எதைப் பற்றிப் பேசக் கூடாது. நான் இடையிடையே கேள்வி கேட்டுத் தெளிவு பெற்றேன். உப்பு 'தேவையான அளவு' என்றதை ஏற்க மறுத்தேன். அவள் கரண்டியில் அளந்து காட்டினாள். நாற்பத்தோரு குறிப்புகள் சேர்ந்தன. இவ்வளவு ஒழுங்காகத் தகவல் தந்த எந்தத் துறையையும் நான் பார்த்ததில்லை.

அந்த நன்றியில் ஒரு நாள் மதியம் அவளிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

முப்பத்தைந்து வருடத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் துவைத்த துணியை மறுபடி துவைத்தாள்.

மறுநாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"கடைசியா ஒன்னு. நீலப் புடவை. பட்டு வேணாம், அந்த நீலம் போதும்."

தட்டச்சு செய்தேன். "எதுக்கு? எந்தப் பிரிவுல போடறது?"

"என்னப் பெட்டியில வைக்கறப்ப கட்டி விடறதுக்கு. சர்ச்சுலேர்ந்து வர்றவங்க ஆளுக்கொன்னு சொல்வாங்க. நீங்க இதக் காட்டிடுங்க."

என் விரல் எந்த எழுத்தின் மேல் இருந்ததோ அந்த எழுத்து வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா பேசற நீ?"

"எனக்குத் தெரியும். ரிப்போர்ட் வந்து மாசம் ஆவப்போவுது. நீங்க வாயத் தெறக்கல."

"ரிப்போர்ட் வரல."

"வரலன்னா சும்மா இருப்பீங்களா? கரண்ட் ஆபீஸ்ல ஒரு ரசீதுல சீல் சரியா விழலன்னு சாயங்காலம் வரைக்கும் குந்தினு இருந்தவரு நீங்க."

"கேட்டேன். அன்னிக்கே செய்தி அனுப்பிட்டேன். அதனால…"

"அதனால?"

"முடிச்சிட்டேன்."

"எத முடிச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு அலுவலக முறைப்படி ஒரு நல்ல பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"அப்ப சாப்பிட்டியாம்மான்னு ஏன் கேட்டீங்க?" என்றாள். "கம்பெனியில ஆர்டர் கேன்சல் ஆயிட்டா மேனேஜர் லைனுக்கு வந்து ஒவ்வொருத்தரா சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாம்மான்னு கேப்பாரு. மறுநாள் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. நீங்களும் அப்படியே கேட்டீங்க."

நாங்கள் உடை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வேலூர் போனோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நானும் ரசீதைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் ரசீதைப் பார்த்தாள். "சார், அந்த நம்பர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மட்டும். ரிப்போர்ட் நேர்ல வந்துதான் வாங்கணும். ரசீதுக்குப் பின்னாடியே போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. இதே வாக்கியத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கூடவே 'படிக்கத் தெரியாதா' என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பெண் சேர்க்கவில்லை. உறை அவளுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் மூன்று வாரத்துக்கு மேலாக இருந்திருக்கிறது.

மனைவியிடம் நீட்டினேன். "நீங்களே படிங்க" என்றாள். மூன்று முறை படித்தேன். இலக்கணப் பிழை இல்லை என்பதைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை.

டாக்டரிடம் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.

"ஒன்னும் இல்லம்மா. சாதாரணக் கட்டி. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள் அவள். அவர் சொன்னார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். இதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியவில்லை.

"நிக்கறதப் பாரு, செக்யூரிட்டி மாதிரி. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொடுத்தாள். "ஆறு மாசத்த எழுதுங்க."

எழுதினேன்.

"நேர்ல போவணும்னு போடுங்க. ரெண்டு பேரும்னு போடுங்க. முடிச்சிட்டேன்னு நான்தான் சொல்வேன், அதையும் போடுங்க."

மூன்றையும் போட்டுப் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள். பசிக்கிறது என்றாள். எழுந்து நடக்கும்போதுதான் கேட்டேன்.

"நீலப் புடவை குறிப்ப அழிச்சிடட்டுமா?"

அவள் யோசித்தாள். "இருக்கட்டும். என்னிக்கா இருந்தாலும் வேணுமில்ல. மத்தவங்க பட்டக் கட்டி விட்டுட்டா?"

அது அப்படியே இருக்கிறது. மாதக் கடைசியில் எண்ணும்போது, வேறு எதுவும் இல்லாவிட்டாலும், நிலுவை ஒன்று என்று வருகிறது. அதைக் குறைக்க நான் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.