ரஷ்யாவிலிருந்து வராத பால்

அந்த அலுமினிய டம்ளரின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருக்கும். அது உதட்டில் படுவது இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மத்தியானத்தில் பள்ளிக்கூடத்து அண்டாவில் பால்பவுடரைக் கரைத்து எங்களை வரிசையில் நிறுத்தி ஊற்றுவார்கள். பவுடர் வந்த டின்னில் அமெரிக்கக் கொடி போட்டிருக்கும். டம்ளரின் அடியில் கட்டிகட்டியாகத் தங்குவதை விரலால் வழித்து நக்குவேன்.

அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை, செங்கொடிச் சங்கம். "அணுகுண்டு போட்டவன் குடுக்குற பாலு எம்புள்ளைங்க வாயில படக்கூடாது. நம்ம ரஷ்யாக்காரனும் அனுப்புவான், பாருங்க" என்று சொல்லிவிட்டார். சங்கத்திலிருந்து அவர் கொண்டுவரும் ரஷ்யப் பத்திரிகையில் மடி பெருத்த பசுக்களும் கன்னம் சிவந்த பிள்ளைகளுமாக வழவழவென்று படங்கள் இருக்கும். அக்கா அந்தப் பசுக்களைத் தடவித் தடவிப் பார்ப்பாள். அவள் அப்பா சொன்னதை நம்பினாள். எனக்குப் பசி தாங்காது.

வரிசையில் நிற்காவிட்டால் டீச்சர் திட்டுவார் என்று அக்காவும் நிற்பாள். வாங்கியதை அப்படியே என்னிடம் நீட்டுவாள். "நீ குடிச்சிக்கடி. ரஷ்யா பாலு வந்தா நான் குடிச்சிக்கிறேன்." அப்பாவிடம் ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். 'நீயும் பாதி குடிக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரஷ்யாவிலிருந்து பத்திரிகை மட்டும் தவறாமல் வந்தது.

யார் கொள்கை பெரிது, யார் குண்டு பெரிது என்று இரண்டு நாடுகள் போட்டி போட்டதெல்லாம் அஞ்சாவதோடு நின்ற எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குள் ரஷ்யா உடைந்தே போனது. அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து எங்கள் ஊர் கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதே போல நானும் முன்னே ஒருமுறை விழுந்தேன். புடவையை உதறிக்கொண்டு எழுந்து நடந்துவிட்டேன். "எலும்பு ரொம்ப மெல்லிசா இருக்கே. சின்ன வயசுல பாலே குடிக்கலையா பாட்டி?" என்று டாக்டர் பொண்ணு கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் பால் பூத்தில் பாக்கெட் வாங்கிக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன்.

"எந்த நாட்டுப் பாலுடி?" என்றாள்.

"ரஷ்யா பாலுக்கா. வந்துடுச்சி."

பொக்கை வாயால் சிரித்தாள். "அப்பாவுக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல." பாதி குடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "இந்தா, நீ குடி."

நான் குடிக்கவில்லை. பால் ஆறிப்போகும்வரை டம்ளரை அவள் வாயருகிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.