சவுக்கையில் அவிழ்த்த பின்முடி

சென்ற வாரம் தென்காசி பஸ் நிலையத்தில் மாலை போட்ட சாமிமார் பத்துப் பேர் ஒரு பஸ்ஸின் கூரையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத சுபாவம், எண்ணிவிட்டேன். தகரப் பெட்டி நான்கு, படுக்கைச் சுருள் ஒன்பது, மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு, மடக்குக் கட்டில் ஒன்று. பத்துப் பேருக்கு ஒன்பது படுக்கை என்றால் படுக்கை கொண்டுவராத அந்த ஒருவர் யார், ஏன் கொண்டுவரவில்லை என்று பஸ் கிளம்பும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டில் அவருடையதாக இருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் தோன்றியது.

சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பாலை முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். போதாக்குறைக்கு இருபது வயதில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நல்ல வெள்ளைத்தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிய பத்திரத்துக்குப் பின்னால்தான் பெரிய வில்லங்கம் இருக்கும் என்பது அங்கே முதல் பாடம். அதனால் மனிதர்களையும் பத்திரத்தைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பஸ் கிளம்பியபோது நெய்யும் தேங்காயும் கலந்த ஒரு வாசனை என்னைத் தாண்டிப் போனது. அந்த வாசனையோடு கூடவே, அதற்குச் சம்பந்தமே இல்லாத புகையிலை வாசனையும் என் மூக்கில் வந்து நின்றது. சாமிமார் யாரிடமிருந்தும் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதத்திலிருந்து வந்தது.

அந்த வருஷம் நாங்கள் ஏழு பேர் சபரிமலைக்கு நடந்தோம். குற்றாலத்தில் குளித்துக் கட்டு நிறைத்து, செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று காட்டு வழி. எங்களை அழைத்துப் போனவர் மேலகரத்தில் வயல் வைத்திருந்த ஒரு பெரியவர். அறுபதை ஒட்டிய வயது. அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை, குருசாமி, அவ்வளவுதான். அது அவருக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாவது தடவை போகிறவர் ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சாமியிடத்தில் நடுவார். தை மாதத்திலிருந்தே வாய்க்கால் ஓரத்தில் நெற்றை ஊன்றி, அது முளைத்து மூன்று ஓலை விட்டிருந்ததைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட அவர் இத்தனை கவலைப்படவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னதாகக் கேள்வி.

இருமுடி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே நீளப் பையில் இரண்டு அறை. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைச் சாமானும். அதைக் கட்டிவிட்டால் மலையில்தான் அவிழ்ப்பது. பின்முடியில் அவரவர் வழிக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு. அந்த வருஷம் குருசாமி புதிதாக ஒரு சட்டம் போட்டார். பின்முடி மூன்று வீசைக்கு மேல், இப்போதைய கணக்கில் நாலு கிலோ சொச்சத்துக்கு மேல், போகக் கூடாது.

"மேக்கொண்டு ஒரு மிளகாய்கூட வேண்டாம் சாமி. வழியில யாரும் யாரு சுமையயும் வாங்கப் போறதில்ல" என்றார்.

முந்தைய வருஷங்களில் களைத்துப்போகிறவர்களின் கட்டுகளையெல்லாம் அவரே வாங்கித் தலையில் அடுக்கிக்கொள்வார் என்று சொல்வார்கள். இந்த வருஷம் ஏன் மாட்டார் என்று எவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நானும் கேட்கவில்லை.

எடை பார்த்து எழுதுகிற வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், என்னிடம் வந்தது. ஒரு வெள்ளிக்கோலை இரவல் வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டேன். முதலில் என் சுமையைத்தான் ஒழுங்கு செய்தேன். கனம் குறைய வேண்டும் என்று துண்டை இரண்டாகக் கிழித்தேன். அப்புறம் மீதிப் பாதி எதற்காவது ஆகும் என்று அதையும் எடுத்துக்கொண்டேன். பட்டியலில் சேர்க்காமல் ஒரு மைக்கூட்டையும் நாட்குறிப்பையும் அரிசிக்குள் புதைத்துக்கொண்டேன். எழுதுகிறவன் கட்டை யார் நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

செல்லையாவின் மூட்டையில்தான் சந்தேகம் தொடங்கியது. அவர் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். கன்னிச்சாமி, அதாவது முதல் மலை. உள்ளங்கை இரண்டும் மரப்பலகை மாதிரி இருக்கும். அவர் பின்முடியைக் கோலில் மாட்டியபோது கயிறு நான்கு வீசைக் கோட்டில் போய் நின்றது. நான் நிமிர்ந்து குருசாமியைப் பார்த்தேன்.

"மூணுன்னு எழுதிக்கிடுங்க சாமி" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"நாலு காட்டுது சாமி."

"கோலு பழசு சாமி. எழுதுங்க."

அதற்கு முன்னால் நிறுத்த ஐந்து கட்டுக்கும் அந்தக் கோல் பழசாக இருக்கவில்லை. மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளியும் வைத்தேன்.

மாலை போட்டபின் எல்லாரும் சாமி என்பதால் அந்த நாட்களில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவது மிகவும் சிரமமான காரியம். வாய் நிறையச் சாமி என்று கூப்பிட்டுவிட்டு, 'மூட்டையில் என்ன?' என்று எப்படிக் கேட்பது? வாசுதேவநல்லூர்க்காரர் பலவேசம், எங்களில் குருசாமிக்கு அடுத்தபடி அதிக மலை கண்டவர், அந்தச் சிரமம்கூடப் படமாட்டார்.

"ஏலே செல்லையா... சாமி! மூட்டைக்குள்ள அம்மியக் கட்டி வச்சிருக்கியால... சாமி?"

"'லே'க்கும் சாமிக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுங்க சாமி" என்றார் குருசாமி. எல்லாரும் சிரித்தார்கள். செல்லையா மட்டும் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்று காலையில் குற்றாலத்தில் சாரல். பேரருவியில் நல்ல தண்ணீர். எல்லாரும் துணிமணிகளைப் பாறையில் போட்டுவிட்டு ஓடினோம். செல்லையா தன் கட்டை ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரத்தில் நின்றே குளித்தார். வருஷம் பூராவும் அந்த அருவிக்கடியில் நிற்கிற மனிதர் அன்று மட்டும் ஓரத்தில் ஏன் நிற்க வேண்டும்? குருசாமியோ தண்ணீர் விழுகிற இடத்தில் தலையைக் கொடுக்காமல் ஒரு பாறையில் உட்கார்ந்து, வலது காலை மட்டும் நீட்டி, முழங்காலில் தண்ணீர் விழும்படி வெகுநேரம் இருந்தார். அதையும் பார்த்தேன். குறிப்பிலும் எழுதினேன். என்னவென்று யோசிக்கத்தான் இல்லை. என் கண் மரக்கிளையிலேயே இருந்தது.

கோவிலில் கட்டு நிறைக்க வரிசையாக உட்கார்ந்தபோது செல்லையா எனக்கு அடுத்து இருந்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நெய், கற்பூரம், விபூதி எல்லாவற்றுக்கும் அடியில், காரமாகப் புகையிலை. விரதக்காரன் புகையிலை போடமாட்டான். போடாதவன் கட்டில் புகையிலை எதற்கு?

எதற்கு என்பது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். தென்காசி இங்கிலீஷ்காரன் சீமை. செங்கோட்டை திருவாங்கூர் சமஸ்தானம். நடுவில் சுங்கச் சவுக்கை. புகையிலைக்கு அங்கே கடுமையான வரி என்பதால் குடத்துக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் வைத்துக் கடத்துவார்கள். எந்த வண்டியையும் குடைந்து பார்க்கிற சவுக்கைக்காரர்கள் இருமுடியை மட்டும் தொடமாட்டார்கள். அவர்கள் குருசாமியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். அவர் தன் தலைக்கட்டில், அதாவது தலைமேல் இருக்கும் இருமுடியில், கையை வைத்து, எல்லாக் கட்டுக்குமாகச் சேர்த்துச் சத்தியம் செய்வார். பாதையின் குறுக்கே கட்டிய சங்கிலி இறங்கும், போகலாம். பதினேழு வருஷமும் அப்படித்தான் நடந்திருந்தது.

குற்றாலத்திலிருந்து சவுக்கை வரைக்கும் என் மனசுக்குள் ஒரு வழக்கு நடந்தது. கனம் ஒரு சாட்சி, வாசனை ஒரு சாட்சி, மரக்கிளை ஒரு சாட்சி. குருசாமி தெரிந்தே விடுகிறாரா, ஏமாறுகிறாரா என்பது மட்டும் தீரவில்லை. ஏமாறுகிறார் என்றே தீர்ப்பு எழுதினேன். அப்படியானால் இன்னும் சற்று நேரத்தில் அந்த மனிதர், பதினெட்டாவது மலையின் முதல் நாளில், சாமி பேரில் பொய்ச்சத்தியம் செய்யப்போகிறார். எனக்கு முன்னால், அவர் தோளில், தென்னம்பிள்ளையின் மூன்று ஓலை ஆடிக்கொண்டு போயிற்று.

சவுக்கையில் வயதான ஒரு மலையாளக் காவல்காரர் திண்டில் சாய்ந்திருந்தார். குருசாமியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"எந்தா குருசாமி, ஆளு ஏழோ? கெட்டெல்லாம் சுத்தமாணோ?"

குருசாமி வலது கையைத் தலைக்கட்டின் மேல் வைத்தார். "சாமி மேல..."

"பொறுங்க சாமி!" என் குரல்தான். "சத்தியம் பண்ணிராதீய. செல்லையா சாமி பின்முடியில புகையில இருக்கு."

செல்லையா என்னைப் பார்க்கவில்லை, குருசாமியைப் பார்த்தார். குருசாமியின் கை தலைக்கட்டிலேயே இருந்தது. பிறகு இறங்கியது.

"அவிழுங்க சாமி" என்றார்.

மேலே அரிசி. அதற்கடியில் உமி. உமிக்குள் பழந்துணியில் சுற்றி ஒரு பெரிய சீசா. உள்ளே கரேலென்று எண்ணெய். காவல்காரர் தக்கையைத் திறந்து முகர்ந்தார்.

"புகையில தன்னே. பக்ஷே இது தைலமாணல்லோ! புகையிலச் சாறு விட்டுக் காய்ச்சின வலித் தைலம். ஆருக்கு?"

"எனக்குத்தான் சாமி. முட்டுவலி" என்றார் செல்லையா.

"எவிட, ஒண்ணு நடந்து காட்டும்."

செல்லையா நடந்தார். போகும்போது வலது காலை நொண்டினார். திரும்பி வரும்போது இடது காலை நொண்டினார். காவல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பலவேசமும் சிரித்தார், எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குருசாமி சிரிக்கவில்லை.

"அவருக்கில்ல, எனக்கு" என்று சொல்லி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினார். முட்டி நெய்த்தேங்காய் அளவுக்கு வீங்கிப் பளபளவென்றிருந்தது.

"விரதத்துல எண்ணெய் தொடலாமா சாமி?" என்றார் பலவேசம்.

"தலைக்கு வச்சாத்தான் குத்தம், காலுக்கு இல்லன்னு நானா ஒரு சட்டம் பண்ணிக்கிட்டேன்."

"எண்ணெய் கெடக்கட்டும். அச்சன்கோவிலத் தாண்டினா ஆனைக்காடு. ஓடுன்னா ஓட முடியுமா இந்தக் காலோட? உங்களத் தூக்கிட்டு ஓடுததா, எங்க கட்டத் தூக்கிட்டு ஓடுததா?"

"பதினேழு தடவ நாந்தானே எல்லாரயும் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தேன்."

"அதைக் கேக்கல சாமி. இந்தத் தடவயக் கேக்குதேன்."

குருசாமி அந்தத் திண்டில் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த அத்தனை நேரமும் அவர் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

அரை மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். முடிவில், குருசாமி செங்கோட்டையில் ரயில் ஏறி ஆரியங்காவு போய், அங்கே சாஸ்தா கோவிலில் கட்டை இறக்கிவிடுவது என்று ஆயிற்று. அது மலைக் கணக்கில் சேராது. பலவேசம் தென்னம்பிள்ளையை வாங்கக் கை நீட்டினார்.

"வேண்டாம் சாமி. பதினெட்டுக் கண்டவன் நடணும். பதினேழோட நின்னவனுக்கு எதுக்கு, அவன் பேருல மலையில ஒரு மரம்?"

செல்லையா பின்முடியை மறுபடி கட்டிக்கொண்டு, தென்னம்பிள்ளையைத் தோளில் வைத்து, யாரும் சொல்லாமலே குருசாமி பக்கம் போய் நின்றார். கன்னிச்சாமியின் முதல் மலையும் ஆரியங்காவோடு முடிந்தது.

நான் ஏதோ சொல்லப் போனேன். குருசாமி முந்திக்கொண்டார்.

"உங்க மூக்கு நல்ல மூக்கு சாமி. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இந்த ஏழு கட்டுல என் கட்டு போக, உள்ள என்ன இருக்குன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது செல்லையா சாமி கட்டு மட்டுந்தான். மத்த அஞ்சுக்கும் நம்பித்தான் கைய வச்சேன்."

அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது. அரிசிக்குள் மைக்கூடு இருந்தது.

பலவேசம் எங்களை நடத்திப் போனார். ஐந்து பேர் மலை ஏறி இறங்கினோம். அட்டை கடித்த இடங்கள், ஆற்றைக் கடந்த நேரங்கள் எல்லாம் என் குறிப்பில் சுத்தமாக இருக்கின்றன. சவுக்கை நாளுக்கு மட்டும் ஒரே வரி: 'சவுக்கையில் தாமதம். இருவர் ரயிலில்.' அந்த முட்டியோடு அவர் ஏறியிருக்க முடியாது என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஏறியிருப்பாரோ என்பதுதான் என் சந்தேகங்களில் இன்னும் தீராத ஒன்று. அவர் அதற்குப் பின் மாலை போடவில்லை.

அடுத்த கார்த்திகையில் பலவேசத்தோடு மறுபடி போனேன். சவுக்கை முற்றத்தில் ஒரு தார்ப்பாய் விரித்திருந்தது. அதே காவல்காரர், எழுந்திருக்கவில்லை. குருசாமியாக வந்த பலவேசம் பழக்கத்தில் தலைக்கட்டில் கையை வைத்தார்.

"அது வேண்டாம். போன வருஷத்தோட அது தீர்ந்து" என்றார் காவல்காரர். "எல்லாரும் பின்முடி அவிழ்த்து இவிட வைக்கணும்."

எங்களுக்கு முன்னால் வந்திருந்த கடையநல்லூர்ச் சாமிமார் தார்ப்பாயில் குனிந்து, சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது என்று ஒருவர் கேட்டார். பலவேசம் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து தன் பின்முடியை அவிழ்த்தார்.

செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்தபின் சங்கிலியையும் சவுக்கையையும் எடுத்துவிட்டார்கள். எல்லாரும் அதைத்தான் பெரிய மாற்றம் என்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு மனிதர் ஆறு பேருடைய மூட்டைக்காகத் தன் தலைக்கட்டில் கை வைப்பதும், அதைக் கேட்டுச் சங்கிலி இறங்குவதும் அதற்கு இருபது வருஷம் முன்பே நின்றுபோய்விட்டன.