பட்டா புக் ரெஜினா

தகரப் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ரெஜினா திறக்கிறார். உள்ளே ஒரு நீள நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் மட்டும்தான். காலை ஆறேகால் மணிக்கு எங்கள் ஊர் நிழற்குடைத் தூணடியில் நடக்கும் இந்தச் சடங்கை முதன்முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். நானும் சிரித்தவன்தான்.

பதினெட்டு வருடமாகக் கடற்கரை விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. தட்டாமல் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பீரோவைத் தட்டுகிறார், அரிசி டிரம்மைத் தட்டுகிறார். "கை தானா தட்டுது சார். 'அரிசிக்குள்ள இன்னா கெஸ்ட்டா கீறாங்க'ன்னு எங்க வூட்டுக்காரரு கேக்கறாரு" என்று தானும் சிரிக்கிறார்.

நோட்டில் நேற்றைய பக்கத்தைத் தேடி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படிக்கிறார். "நம்ப கோதண்டராமன் ஏட்டுதான். இன்னா அவசரமோ, 'கோ' போட்டாரு, மீதிய இழுத்துவுட்டுட்டு பூட்டாரு." ரோந்து வரும் போலீசார், வந்துபோன நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடும் நோட்டு அது. நகைக்கடைகளிலும் ஏடிஎம் வாசல்களிலும் பார்த்திருப்பீர்கள். கையெழுத்து இல்லாத நாளில் ரெஜினா சண்டைக்குப் போகமாட்டார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "நேத்து ஏட்டையா வரலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார், அதில்தான் அவர்கள் நெளிந்துபோகிறார்கள். மறுநாள் கையெழுத்து தவறாது.

அந்த நோட்டுக்குப் போலீஸ் பேச்சில் பட்டா புக் என்று பெயர். ரெஜினாவைத் தேர்தலில் கவிழ்த்தது அந்தப் பெயர்தான். அந்தக் காரியத்தில் பாதி என் கைங்கரியம்.

கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஈசிஆரில் இறங்கிச் சவுக்குத் தோப்பைத் தாண்டி அரை கிலோமீட்டர் நடந்தால் ரெஜினாவின் காலனி. அப்போது வழியில் விளக்கே கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து பொழுதுசாயத் திரும்பிய ஜாய்ஸ் என்ற பெண்ணின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்துக் காயம் ஆறிவிட்டது, ஆனால் ஜாய்ஸ் வேலைக்குத் திரும்பவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"அல்லாரும் வேல இல்ல, வேல இல்லன்றாங்க. வேல கீது சார். போய் வர்ற வழிதான் இல்ல." இதைச் சொல்லிக்கொண்டுதான் ரெஜினா ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார். கிடைத்த சின்னம் சீப்பு. "சிக்கெடுக்க வந்துகீறேன், சீப்புக்குப் போடுங்க" என்று வீடு வீடாகப் போனார். கட்சி இல்லை, கொடி இல்லை. கணவர் ஜெபசிங்கின் ஷேர் ஆட்டோவும், வாடகை மைக்கும்தான் இருந்தன.

நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது நான். பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போது வேறு யாரிடம் போவார், பாவம்? அவர் சொன்னது மூன்று: தெருவிளக்கு, உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை, போலீஸ் பட்டா புக்கு. அந்தப் 'போலீஸ்' என் காதுக்கு உறுத்தியது. ஓசை கெடுகிறதென்று எடுத்துவிட்டு, 'நமது காலனிக்குப் பட்டா புத்தகம் பெற்றுத் தருவேன்' என்று எழுதினேன். எழுதியதை இரண்டு முறை வாய்விட்டு வேறு படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அந்தக் காலனி புறம்போக்கு நிலத்தில் இருக்கிறது. மனைப் பட்டா கேட்டு மூன்று தலைமுறையாகத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறவர்கள். அவர்கள் அகராதியில் பட்டா என்றால் ஒரே ஒரு பொருள்தான். எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

நோட்டீஸ் போன மறுநாள் ரெஜினாவுக்கு வீட்டுக்கு வீடு ஆரத்தி. ரேஷன் கார்டு ஜெராக்ஸும் வீட்டுவரி ரசீதுமாக வரிசையில் நின்றார்கள். எதிர்வீட்டு எல்லம்மாள் அழுதேவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற, அறுபதை எட்டிய பெண்மணி. ரெஜினாவின் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்து பத்தியச் சோறு பொங்கிப் போட்டவர். ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து ரெஜினாவின் மடியில் வைத்தார். மாமியார் காலத்திலிருந்து கொடுத்த மனுக்களின் நகல்கள் அத்தனையும் அதில் இருந்தன. "நீயாவது கேட்டியேடி ரெஜி" என்று கன்னத்தைத் தடவியபோதுதான் ரெஜினாவுக்கு விஷயம் விளங்கியது.

கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். ஓட்டுக்கு நான்கு நாள். "இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க?" என்றார். நான் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். "இப்போதைக்கு இருக்கட்டுமே ரெஜினா, ஜெயித்தபிறகு விளக்கிக்கொள்ளலாம்" என்றேன்.

"பசங்களுக்கும் இப்டித்தான் சொல்லித் தர்றீங்களா சார்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

அன்று சாயங்காலமே ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார். நான் பின்சீட்டில். "சீப்பு சின்னம் ரெஜினா பேசறேன். நோட்டீஸ்ல போட்ட பட்டா, மனப்பட்டா இல்ல. போலீசு வந்து கையெழுத்துப் போட்ற நோட்டு. மனப்பட்டா வாங்கித் தர்ற சக்தி வார்டு மெம்பருக்கு இல்ல. உங்ககூட வந்து மனு குடுப்பேன், அதுதான் என்னால முடியும். தப்பா நெனச்சிகினு யாரும் ஓட்டுப் போடாதீங்க." எல்லம்மாள் வாசலுக்கு வந்தார், முழுவதும் கேட்டார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெஜினா பதினான்கு ஓட்டில் தோற்றார்.

தோற்றவர் வீட்டோடு இருப்பார் என்று பார்த்தால், வாரவிடுமுறை தவறாமல் ஸ்டேஷன் படியேறினார். காலனிக்கெல்லாம் பட்டா புக் வைப்பதில்லை என்றார்கள். "நகைக்கடைக்கு வெக்கறீங்க. எங்க பொண்ணுங்க கழுத்துலயும் நகதான சார் கீது?" என்று கேட்டுவிட்டு வருவார். கடைசியில் நிழற்குடைத் தூணில் பெட்டி ஏறியது, பின்னாலேயே விளக்கும் வந்தது. ஜாய்ஸ் வேலைக்குத் திரும்பினாள். ஆறரை மணி வண்டிக்கு இப்போது ஏழு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ரெஜினா வண்டி ஏறுகிறார்.

எல்லம்மாள் மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெஜினா பலகாரத் தட்டோடு போய் எதிர்வீட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டுவார். திறக்காது. வாசலில் வைத்துவிட்டு வருவார். மறுநாள் கழுவிய வெறும் தட்டு அவர் வாசலில் இருக்கும். "பலகாரத்துமேல கோவம் இல்ல சார், பாருங்க" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். சொல்லும்போது முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் நல்ல மழை. ஆறேகாலுக்கு ரெஜினா நோட்டைப் பார்த்து முடித்துப் பெட்டியை மூடினார். எல்லம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அதே பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். யாரையும் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே பேசினார்.

"வூடு ஒழுவுது. இதுவும் பட்டா சமாச்சாரம்தான? இதுக்குள்ள கெடந்தா, தெனம் போலீசு வந்து பாத்துக்கினு போவும் இல்ல?"

பெட்டியில் நோட்டைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாதென்று ஸ்டேஷனில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அது ரெஜினாவுக்குத் தெரியும். அவர் பதில் சொல்ல வாயெடுக்குமுன், எல்லம்மாள் கையை நீட்டி, விரல் முட்டியால் தகரத்தை இரண்டு தட்டு தட்டினார்.

ரெஜினா மூடியைத் திறந்தார்.