திரும்பி வர வேண்டிய சிப்பிப் பொம்மை

என் மனைவி கடலைப் பார்த்ததில்லை. உத்தனப்பள்ளிப் பக்கம் மானாவாரி நிலத்தில் பிறந்து மத்திகிரிக்கு வாழ வந்தவள். அவள் பார்த்த மிகப் பெரிய தண்ணீர் கிருஷ்ணகிரி அணை. அதிலும் எதிர்க்கரை தெரிகிறதே என்று அன்றே குறை சொன்னாள். கடல் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது அவள் கட்சி. ஆவணங்களைப் பரிசீலித்தால் அவள் சொல்வது சரிதான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கேட் பாஸ் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஒரு திருகாணி வாசலைத் தாண்டுவதென்றாலும் என் கையெழுத்து வேண்டும். வெளியே போகும் பொருளில் இரண்டே வகை உண்டு: திரும்பி வர வேண்டியது, வர வேண்டாதது. மனிதர்களையும் நான் பெரும்பாலும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். விடுப்பு விஷயத்திலும் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. சேர்த்து வைக்கலாம் என்று விதி சொன்னால் சேர்த்து வைப்பேன். ஓய்வு பெற்ற அன்று என் விடுப்பு ஒரு நாள் கூடக் குறையாமல் இருந்தது. அவளுடைய கடலும் அதற்குள்தான் இருந்தது.

நான் மட்டும் ஒரு முறை கடல் பார்த்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட ஓர் இயந்திரத்தை விடுவிக்க அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் கன்னியாகுமரி போனேன். அலுவல் பயணத்தில் குடும்பத்தினருக்கு அனுமதி இல்லை என்ற விதியை யாரும் எனக்குக் காட்டவில்லை. நானே தேடிப் படித்து அவளுக்குக் காட்டியிருந்தேன். அவளுக்குப் பதிலாக ஒரு சிப்பிப் பொம்மை வாங்கி வந்தேன். ஒரு சாண் உயரப் பெண். முகம் ஒரு வெள்ளைச் சோழி, அதில் மையால் இரண்டு கண். சிப்பிகளை அடுக்கி ஒட்டிய பாவாடை, தலைக்கு மேல் ஒரு சிப்பிக் குடை. அன்று முதல் அது ஷோகேஸில் நிற்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் அழகாக இருக்கிறதே என்று சொன்னால், "எனக்குப் பதிலா இதான் போயிட்டு வந்துச்சு" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால், மிக்ஸி வாங்கிய கடையின் குலுக்கலில் எங்களுக்குப் பரிசு விழுந்தது. தளி போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடற்கரை விடுதியில் இருவருக்கு ஒரு நாள் தங்கல். ஆமாம், தளியில் கடற்கரை. கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அலை எழுப்பும் இயந்திரம் வைத்து, அதற்கு வெப்பமண்டலக் கடற்கரை என்று பெயரிட்டிருந்தார்கள். மார்கழியில் தளியின் வெப்பம் எப்படி என்பது கம்பளி விற்பவர்களுக்குத் தெரியும்.

அதே வாரம் அவளுக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு மாதத்துக்குத் தூசி ஆகாது, தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பரிசுச் சீட்டோ மாதக் கடைசியில் காலாவதி. கெடுவை நீட்டிக்கக் கோரி இரண்டு கடிதம் எழுதினேன். நீட்டிக்க இயலாது, தனி ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. காலாவதியாகும் உரிமையை விட்டுக்கொடுப்பது என் வழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தவள் ஷோகேஸைக் காட்டினாள்.

"அந்தப் பொம்மயக் கூட்டிக்கிட்டுப் போங்க. அன்னிக்கு எனக்குப் பதிலா அது வந்துச்சு. இன்னிக்கு எனக்குப் பதிலா அதே போகட்டும்."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறன்? அதுக்குக் கால் நனையணும். அத்த ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புங்க. அப்புறம், பொம்ம பத்தரமா வரணும், சொல்லிட்டன். அது ஒண்ணுதான் என்னோட கடலு."

பத்திரம் என்று வந்துவிட்டால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். நோட்டில் கட்டம் போட்டு, கார்பன் வைத்து இரண்டு பிரதியாக ரிட்டர்னபிள் கேட் பாஸ் எழுதினேன். பொருள்: சிப்பிப் பொம்மை, பெண், ஒன்று. விவரம்: சிப்பிகள் ஐம்பத்திரண்டு, முகம் ஒன்று, குடை ஒன்று. நோக்கம்: கால் நனைத்தல். திரும்பும் நாள்: மறுநாள். அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, மூலப் பிரதியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண் தளிப் பக்கத்தவள். பதறினால் கன்னடம் முந்திக்கொண்டது.

"ஆகல்ல சார். ஜோடி இல்லாம ஆகல்ல."

நான் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். கூடவே, தனக்குப் பதில் பொம்மை வருகிறது என்று மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருந்த அதிகாரக் கடிதத்தையும் வைத்தேன்.

"சார், இது பொம்மை சார்."

"உங்க விதியில இருவர்னுதாம்மா போட்டிருக்கு. பொம்மைக்குத் தடைன்னு எங்கேயும் இல்லையே. இருந்தாக் காட்டுங்க."

அவள் சீட்டின் பின்பக்கம் முழுவதையும் படித்தாள். பிறகு மேலாளருக்குப் போன் செய்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் பேசினாள். எந்த அலுவலகத்திலும் அந்த மாதிரிப் பேச்சின் முடிவு ஒன்றுதான்: வந்தவரைத் திருப்பி அனுப்புவதை விட உள்ளே விடுவது சுலபம்.

"மேடத்துக்கு வயசு என்ன சார்? கம்ப்யூட்டர் கேக்குது."

"வாங்கி இருபத்தெட்டு வருஷம்."

இருபத்தெட்டு என்று போட்டாள். என்னை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள். இரண்டு கைப்பட்டைகள் கொடுத்தாள். பொம்மைக்குக் கை மெலிது, இடுப்பில் கட்டினோம். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "மேடத்துக்குக் காபியா, டீயா?" என்றார். காபி என்றேன். அதையும் நானே குடித்தேன். மேடம் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயது மனைவியிடம் அது எனக்குப் புது அனுபவம்.

கடற்கரை நான் நினைத்ததை விட ஒழுங்காக இருந்தது. மணல், கிரானைட்டை உடைத்து அரைத்த எம்-சாண்ட். வீடு கட்டுகிற மணலில் செருப்பில்லாமல் நடந்தவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி எம்பி எம்பி நடந்தார்கள். தென்னை மரங்கள் ஃபைபர். அடிவானம் நீல வண்ணம் அடித்த சுவர். அதற்குப் பின்னால் முட்டைகோஸ் தோட்டம். மூடுபனியில் சில குடும்பங்கள் அரைக்கால் சட்டையும் குரங்குக் குல்லாயும் அணிந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அலை மணிக்கு ஒரு முறை, பத்து நிமிடம், சைரன் ஊதி வரும். சைரன் ஊதியதும் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஓசூர் ஷிப்ட்காரர்கள்.

கரையில் ஓர் உயரமான நாற்காலி. அதில் காப்பாளர். ஐம்பது வயதிருக்கும், கடலோரத்துக் கறுப்பு, கழுத்தில் விசில். பேச்சைக் கேட்டதும் தூத்துக்குடிப் பக்கம் என்று தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீருக்குக் காவல்.

கால் நனைக்கும் காரியத்துக்கு நான் அலையோரம் போனேன். பொம்மையைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதற்குக் கால் இல்லை. பாவாடைக்குள் வெறும் அட்டைக் கூம்பு. இத்தனை வருடத்தில் யாரும் கீழே பார்க்கவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன்.

"பொம்மைக்குக் கால் இல்ல."

"கால் இல்லாம இத்தன வருசமா எப்படி நின்னுச்சாம்? நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். கூம்புதான் இருக்கு. இப்ப என்ன பண்றது?"

"கடல் வரைக்கும் போயி என்னா பண்றதுன்னு என்னக் கேக்கறீங்களா? நனைச்சு உடுங்க!"

கேட் பாஸில் நோக்கம் என்ற கட்டத்தில் கால் நனைத்தல் என்று எழுதியாகிவிட்டது. எழுதியதை நிறைவேற்றாமல் திரும்ப முடியாது. எனவே பாவாடையின் விளிம்பே காலாகக் கருதப்படும் என்று மனதுக்குள் ஓர் உத்தரவு போட்டுக்கொண்டு, பொம்மையை மணலில் ஊன்றினேன். போட்டோ எடுக்க நாலடி பின்னால் நகர்ந்தேன். அலை வந்தது. விளிம்பு நனைந்தது. படமும் எடுத்தேன். அடுத்த அலை பெரியது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நான் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தபோது, பழைய பசையும் அட்டையும் மருந்துத் தண்ணீரில் ஊறி, சிப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. குடை ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். எல்லாம் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையை மூடியிருந்த ஒரு கம்பி வலையை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அலையை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"பத்து நிமிசம் முடியாம நிறுத்த முடியாது அண்ணாச்சி. இஞ்சினியர் கையெழுத்துப் போடணும்" என்றார் காப்பாளர்.

என் வாழ்நாளில் நான் எத்தனையோ லாரி டிரைவர்களிடம் சொன்ன வாக்கியம் அது. அதன் மறுபக்கத்தில் நின்று கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்க நன்றாகவே இல்லை.

"அது என் வீட்டுக்காரியோட கடல்ங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். விசிலைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, தலைகீழாகப் பாய்ந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் அவ்வளவு அழகான பாய்ச்சல் வீண்தான். ஆனால் கம்பி வலையின் மேல் உள்ளங்கையை வைத்து அடைத்துக்கொண்டு, மறு கையால் சிப்பிகளை அள்ளி என் மேல்துண்டில் போட்டார். குல்லாய் போட்ட குடும்பங்கள் கரையில் நின்று கை தட்டின.

அலை ஓய்ந்ததும் மணலில் உட்கார்ந்து எண்ணினோம். சிப்பிகள் நாற்பத்தேழு. குடை இருந்தது. முகம் இருந்தது, கண்மை மட்டும் அழிந்துவிட்டது. அவர் ஒரு சிப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது எங்க பக்கத்துச் சிப்பி அண்ணாச்சி. இங்க வேலைக்கு வந்து ஆறு மாசமாச்சு. இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒருத்தரக் காப்பாத்திருக்கேன்."

"நிஜக் கடலா இருந்தாலும் கரைஞ்சுதான் போயிருக்கும், இல்லையா?"

"கரையும்லா. ஆனா கடலு எதையும் வச்சுக்கிடாது. நாளைக்கோ மறுநாளோ கரையில கொண்டாந்து போட்டுரும். இங்கன ஓட்டைக்குள்ள போனா அம்புட்டுத்தான்."

மறுநாள் வீடு திரும்பினேன். அட்டைக் கூழையும் சிப்பிகளையும் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தட்டில் கொட்டினேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து கேட் பாஸை எடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஆபரேஷன் செய்யாத கண்ணால் ஒவ்வொரு சிப்பியாக எண்ணினாள். நான் குறுக்கே பேசவில்லை. சோதிப்பவர் எண்ணும்போது பேசக் கூடாது.

"அஞ்சு கொறையுது. மூஞ்சியில கண்ணே இல்ல."

"பசை வச்சு ஒட்டிடலாம். சிறு குறைகளோட ஏத்துக்கிறதுன்னு ஒரு முறை இருக்கு."

"எனக்கு வேண்டாம். வாங்குன எடத்துலயே மாத்திக் குடுங்க."

"அது கன்னியாகுமரிம்மா."

"அப்ப அங்கதான். நீங்க போயி வேற எத்தையாச்சும் கட்டிக்கிட்டு வருவீங்க. நானே வந்து பாத்து வாங்குறன்."

"ஒரு மாசம் ஆகட்டும். டாக்டர் சொல்லணும்."

"டாக்டர் சொல்லுவாரு. உங்களுக்கு யாரு சொல்லணும்?"

நான் பதில் யோசித்தேன். பிரிவு அதிகாரி, மேலாளர், பணியாளர் துறை என்று ஒவ்வொருவராக மனதில் வந்து போனார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது செத்துப்போனார்கள். நான் விண்ணப்பம் எழுத வேண்டிய அதிகாரி யாருமே இல்லை. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

கண் ஆறிய பிறகு, ஓசூரில் நிற்கும் நாகர்கோவில் ரயிலில் இரண்டு கீழ்ப்படுக்கைக்குப் பதிவு செய்தேன். கிளம்பும் அன்று அவள் அந்தச் சோழி முகத்தைக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தாள். அதுவும் நிஜக் கடலைப் பார்க்கட்டுமாம். கண் இல்லாத முகம் எப்படிப் பார்க்கும் என்று நான் கேட்கவில்லை.

பழக்கம் விடவில்லை. நோட்டில் கட்டம் போட்டு இன்னொரு பாஸ் எழுதினேன். நபர்கள்: இருவர். முகம்: ஒன்று. நோக்கம் என்ற கட்டத்தில் கடல் என்று மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்தவள் பேனாவை வாங்கி, திரும்பும் நாள் என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

அப்படிக் கோடு கிழிக்க எந்த விதியிலும் இடமில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.