பாலுக்குப் போன நாட்கள்

டிசம்பர் பாதியில் ஒரு நாள், புளோரிடாவில் ஒரு டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் குளிர்காலம் கழிக்க வந்த கனடாக்காரர்கள் துணி துவைக்கும் கூடத்தில் கூடுவார்கள். ஆளுக்கொரு காலண்டர், ஆளுக்கொரு பென்சில். வருஷத்தில் நூற்று எண்பத்திரண்டு நாளுக்கு மேல் அமெரிக்காவில் இருந்துவிடக் கூடாது. இருந்துவிட்டால், எங்கள் வீடு கனடாதான் என்று எழுதிக் கொடுக்கும் வருஷக் கடைசிப் படிவம் செல்லாது. அதற்கப்புறம் எல்லையில் நிற்கிற அதிகாரி என்ன கேட்பார், உள்ளே விடுவாரா என்பது யாருக்கும் தெரியாது.

வெர்னா மக்கல்லத்துக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய பயம். கணவன் டெல்பர்ட்டின் நுரையீரல் பாதி போய்விட்டது. போன தடவை குளிர்காலத்தைக் கனடாவில், சொந்த மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் கழித்தபோது இரண்டு முறை ஆஸ்பத்திரி. இரண்டாவது முறை அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவோமா என்றே அவளுக்குச் சந்தேகம். முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எந்த மூச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் இருபது வரைக்கும் நூத்திப்பத்து. அக்டோபர் இருபத்தெட்டுலேர்ந்து வருஷக் கடைசி வரைக்கும் அறுபத்தஞ்சு. மொத்தம் நூத்து எழுபத்தஞ்சு," என்றாள்.

"ஏழு நாள் கையிருப்பா! ராணி மாதிரி இருக்கீங்க," என்றான் ரேஜான். கியூபெக்காரன், பக்கத்து டிரெய்லர். காலண்டரை மடித்தவன் நிறுத்தினான். "ஆமா, உங்க ஊர்ல ஒரு பாலம் இருக்கே. கோடையில அதைத் தாண்டவே இல்லையா?"

"பாலும் பெட்ரோலும் வாங்கத்தான், அங்க விலை கம்மி. ஒரு மணி நேரம்கூட ஆகாது."

"ஒரு நிமிஷம் கால் வெச்சாலும் அது முழு நாள்தான் வெர்னா."

வெர்னாவின் ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. அங்கே போவதை யாரும் பயணம் என்று சொல்லமாட்டார்கள். எதிர்க்கரைக்குப் போய் வருகிறேன் என்பார்கள், தலையைக்கூடச் சீவாமல் போவார்கள். பத்து வருஷமாக நாள் எண்ணியிருக்கிறாள். எதிர்க்கரையை ஒரு நாளாக எண்ண வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

டிரெய்லருக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். டெல்பர்ட்டின் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன சாப்பிட்டான் என்று தினமும் எழுதுவாள். போய் வந்த இடமும் அதில் இருக்கும். மே மாதத்திலிருந்து விரலை ஓட்டினாள். பால். பெட்ரோல், பால். வெண்ணெய். பதினாறு நாள்.

நூற்று எழுபத்தைந்தோடு சேர்த்தால் நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது நாள் அதிகம்.

"என்னடி, செத்தவ மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றான் டெல்பர்ட், சாய்வு நாற்காலியிலிருந்து.

சொன்னாள். அவன் நாற்காலிக் கையைத் தட்டினான். "கணக்கு ஆளுக்கு ஆள் தனிதானே நர்ஸம்மா? பாதி நாள் என்னை வீட்டுலயே கட்டிப் போட்டுட்டு நீ மட்டும்தானே போன."

அது உண்மை. மூச்சு சரியில்லாத நாட்களில் அவனைப் படியிறங்க விட்டதில்லை. மறுபடியும் எண்ணினாள். அவனும் கூட வந்தது ஏழு நாள்தான். நூற்று எழுபத்தைந்தும் ஏழும் நூற்று எண்பத்திரண்டு. மயிரிழை.

ஆக, அவன் இருக்கலாம். அவள்தான் இருபத்திரண்டாம் தேதியோடு வெளியேற வேண்டும். ஒன்பது நாள் ஊரில் இருந்துவிட்டு ஜனவரி ஒன்றாம் தேதி திரும்பலாம். ஒன்பது நாள் டெல்பர்ட்டை யார் பார்ப்பது? ரேஜான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்லவன், ஆனால் அடுப்பில் வைத்த சூப்பையே மறக்கிறவன்.

இரண்டு நாள் வெர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் தாளை ஒட்டி எழுத ஆரம்பித்தாள். காலை மருந்து. மூச்சில் இழுக்கும் மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ், யோசிக்காதே. உதடு நீலமானால் கருவியில் எண் பார்க்கக்கூட நிற்காதே. ஒவ்வொரு வரியும் எழுதும்போது அந்த வரி நடப்பது போலவே இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாம இரு. கல்யாணப் பத்திரத்துக்கு மேல சாவுப் பத்திரமும் வாங்க எனக்குத் தெம்பு இல்ல," என்றாள், திரும்பாமலே.

டெல்பர்ட் நாற்காலியில் நிமிர்ந்து, "என் கணக்குல ஒண்ணு கூட்டிக்கோ," என்றான்.

"என்னது?"

"ஒரு நாள் நான் மட்டும் எதிர்க்கரைக்குப் போனேன்."

"எப்போ? கார் சாவி எங்கிட்டதானே இருக்கும்."

"உன் அத்தை மக அடக்கத்துக்கு நீ அவ தம்பி வண்டியில போன இல்ல, அன்னிக்கு. சாவி மேஜை மேலதான் இருந்துச்சு."

வெர்னா அவனை முறைத்தாள். "தனியா இருக்க பயந்துக்கிட்டு கதை விடுறியா? என்கூட வர்றதுக்கா?"

"பயம்தான். அதுக்காகக் கதை விடல."

"அப்போ எதுக்குப் போன?"

அவன் சன்னலைப் பார்த்தான். "சிகரெட்டு. ஒரு பாக்கெட்டு. ரெண்டுதான் குடிச்சேன், மீதிய ஆத்துல போட்டுட்டேன்."

நோட்டைத் திறந்தாள். ஜூலை பத்தொன்பது. அடக்கம். கீழே அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: மாலை ஆக்சிஜன் 88. காரணம்? அந்தக் கேள்விக்குறியால் அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. மருந்தை மாற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போட்டாள். நெஞ்சை இரண்டு தடவை எக்ஸ்ரே எடுக்க வைத்தாள்.

பென்சிலால் கேள்விக்குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் சிகரெட் என்று எழுதினாள். டெல்பர்ட்டின் ஏழை எட்டாக்கினாள். நூற்று எண்பத்து மூன்று. அந்த ஒரு நாளுக்காக அவனைத் தனியாக அனுப்ப முடியாது.

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே," என்றாள். "யாருக்குத் தெரியப் போகுது?"

"பாலத்துல வண்டி நம்பரைப் படம் பிடிக்கிறான். நீ எழுதிக் கொடுக்குற படிவம் தப்புன்னு அவன் கண்டுபிடிச்சா உன்னையும் சேர்த்துல்ல நிறுத்துவான்."

வெர்னா குளிர்பெட்டியிலிருந்து தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். விமானத்தில் ஆக்சிஜன் கருவிக்கு டாக்டர் கடிதம். வீட்டில் கணப்பைப் போட்டு வைக்க மச்சினிக்கு போன். இருபத்திரண்டாம் தேதி, இரண்டு இருக்கை. ஊரில் இப்போதே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு என்று வானொலி சொல்லியிருந்தது. விமானத்திலிருந்து கார் வரைக்கும் எத்தனை அடி, கார் வரைக்கும் அந்தக் காற்றில் அவன் எத்தனை மூச்சு விட வேண்டும் என்று மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது.

பரணிலிருந்து அவனுடைய கம்பளித் தொப்பியை இழுத்துப் போட்டாள்.

"ஒன்பது நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. பாலத்துப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"பால் வேணும்னா?"

"கடுங்காப்பி குடி."

சொல்லிக்கொண்டே அவனுடைய விரலை இழுத்து ஆக்சிஜன் அளக்கும் கருவிக்குள் மாட்டினாள். தொண்ணூற்றொன்று. தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.