பதினொரு மச்சம்

என் உடம்பில் பால்காப்பி நிறத்தில் பதினொரு மச்சங்கள் உண்டு. எட்டு வயதில் கண்ணாடிமுன் திரும்பித் திரும்பி எண்ணினேன். இன்றும் வாரம் ஒருமுறை எண்ணுகிறேன். கூடவுமில்லை, குறையவுமில்லை. பிற்பாடு முளைத்த கட்டிகள்தான் கணக்கில் நிற்க மாட்டேன் என்கின்றன.

வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பங்காளிகளான எங்களுக்கு அந்த மச்சம் குலதெய்வம் வைத்த பொட்டு. திருவிழாவன்று பையன்களைச் சட்டையில்லாமல் நிறுத்திப் பெரியப்பா எண்ணுவார். அதிகம் உள்ளவனுக்குத் தீர்த்தக்குடம் சுமக்கிற உரிமை. அந்த வருடம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"பதினொண்ணு! சாமி அள்ளிக் குடுத்திருக்குது பாருங்க" என்று பெரியப்பா என் முதுகில் தட்டினார். அடுத்தவன் என் தம்பி. அவனுக்கு ஒரு மச்சமும் கிடையாது. அன்றைக்குப் பதிமூன்று இருந்தன.

"பொய்யிங்க பெரியப்பா! நேத்து ஒண்ணுகூட இல்லீங்க!" என்று கத்தினேன்.

அத்தை குனிந்து முகர்ந்தாள். "ஏண்டா, உன்ற மச்சம் மட்டும் வரக்காப்பி வாசம் அடிக்குது?"

கூட்டமே சிரித்தது. தம்பி அழுதான்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் கழுத்தெல்லாம் கட்டிகள். ஒரு கண் மங்கியிருந்தது. அந்த வாரம்தான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய், யாரிடமும் காட்டாத ஒரு காகிதத்தோடு திரும்பியிருந்தார். ஈரத்துண்டால் தம்பியின் முதுகை மூன்று தடவை துடைத்தார். கையைத் தூக்கி அக்குளையும் பார்த்தார்.

"என்னடா, ஒண்ணாச்சும் தேறுமா?" என்றார் பெரியப்பா.

"இல்லீங்ணா. ஒண்ணுமே இல்லீங்ணா" என்று தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டார். தோற்றவனுக்கு ஆறுதல் என்று நினைத்தேன்.

நாற்பது வருடம் கழித்து ஒரு மருத்துவர் என் மச்சங்களை எண்ணினார். பரம்பரையாக வரும் அபூர்வ நோயாம். நரம்பு, கண், மூளை என்று எங்கேயும் கட்டி வைக்குமாம். மச்சமில்லாத பிள்ளை பெரும்பாலும் தப்பித்த பிள்ளை. ஆறு எண்ணியதும் நிறுத்திவிட்டார், அது போதுமாம். மீதி ஐந்தையும் எண்ணச் சொன்னேன். பெருமை அவ்வளவு சுலபத்தில் விடுமா?

அன்று கிணற்றிலிருந்து கோயிலுக்கு முந்நூற்று நாற்பது காலடி. குடத்திலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்பா பின்னாலேயே வந்தார். இரண்டு முறை லேசாகத் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வெற்று முதுகையே பார்த்தபடி அழுதுகொண்டு வந்தார். மகன் குடம் சுமக்கிற பூரிப்பு என்று எண்ணி, முதுகை இன்னும் நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நடந்தேன்.