இரண்டாவது சாம்பிள்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. என் அக்காவுக்கு வரும். அவள் பார்த்ததையும் கேட்டதையும், நிமிஷம்கூட மாற்றாமல் அப்படியே சொல்கிறேன்.

அக்காவுக்கு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் கோடிங் வேலை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு எண் உண்டு, ஒவ்வொரு நோய்க்கும் ஒன்று. இரண்டும் பொருந்தினால் அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைலை மூட வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணைச் சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பள்ளி வேன் டிரைவரின் ஃபைல் வந்தது. முப்பத்து நாலு வயது. விடாத காய்ச்சல். எலிக் காய்ச்சலோ என்று ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்திருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி கேட்டிருந்தார் டாக்டர். ஒரே எண் இரண்டு தடவை வந்ததால் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியது. ‘மறு பரிசோதனை’ என்ற குறியைச் சேர்த்தால் பச்சையாகிவிடும். அந்தக் குறியை யாரும் போடக் கூடாது என்பது புது மேனேஜரின் உத்தரவு.

அக்கா நேராக அவருடைய கண்ணாடி அறைக்குப் போனாள்.

“சார், ஆரம்பத்துல எடுத்த ரத்தத்துல தெரியாது. ரெண்டாவதுலதான் தெரியும். இது வேணும் சார்.”

“நீ டாக்டரா?”

“இல்ல சார்.”

“அப்போ க்ளோஸ் பண்ணு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். “அந்தாளை என்னத்தச் சொல்ல... அழுத்தின விரல் என்னுதுதானே?” என்றாள் என்னிடம்.

பதினாறு நாள் கழித்து, வியாழக்கிழமை. எல்லோரும் சாப்பாடு முடித்து வந்து உட்கார்ந்திருந்த நேரம். வெளியே நல்ல வெயில். மணி 2:17.

அக்காவின் திரையில் அந்த டிரைவரின் ஃபைல் திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

‘இரண்டாவது சாம்பிள் எடுக்கப்பட்டது. 2:17’ என்றிருந்தது. எடுத்தவர் யார் என்ற கட்டம் காலி.

யாரோ தப்பாகப் பதிந்துவிட்டார்கள் என்று மூடினாள். 2:24. மறுபடி திறந்தது. இந்தத் தடவை அவள் கண் முன்னாலேயே.

ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்களே... அந்த வாசனை. பக்கத்து சீட்காரியிடம் கேட்டாள். “ஒண்ணும் வரலையே” என்றாள் அவள்.

2:31. போன் அடித்தது.

“மேடம்... இப்ப தெரியுதா?”

ஆண் குரல். மூச்சு விடும் சத்தமே இல்லை.

“யார் பேசறது?”

“ரெண்டு கையிலயும் குத்தியாச்சு... இன்னும் தெரியலையா?”

அக்காவுக்குப் பயம்தான். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு பதினாறு நாள் கோபம் வந்தது.

“நான் மூடினது தப்பு. ஒத்துக்கறேன். மூடச் சொன்னவர்கிட்ட கேளுங்க.”

அழைப்பை மேனேஜருக்குத் தள்ளினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ரிசீவரை எடுத்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

எழுந்தார். உட்கார்ந்தார்.

ரிசீவர் கையிலிருந்து நழுவியது...

அக்கா யாரையும் கேட்கவில்லை. குறியைப் போட்டாள். பச்சை.

பிறகு டிரைவரின் வீட்டு எண்ணுக்கு அடித்தாள். அவருடைய அண்ணன் எடுத்தார்.

“இப்ப அனுமதி குடுக்கறீங்களா? என்ன காய்ச்சல்னே தெரியாம மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தாங்க. தம்பி போய் ஒம்போது நாள் ஆச்சு. வெச்சுத் தொலைங்க போனை!”

திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் அன்று போனவர்தான். திரும்ப வேலைக்கு வரவில்லை. போனில் அவர் காதில் என்ன விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை 10:05. ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஒருவர் பேசினார். டிரைவர் பெயரில் வந்த இரண்டாவது சாம்பிளில் எலிக் காய்ச்சல் உறுதியாம்.

“யார் கொண்டு வந்து குடுத்தாங்க?”

“தெரியல மேடம். நேத்து மத்தியானம் ட்ரேல இருந்துச்சு.”

லேப்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா ட்ரேலேர்ந்து நான்தான் எடுத்தேன். ட்யூப் வெதுவெதுன்னு இருந்துச்சு மேடம்... அப்பத்தான் கையிலேர்ந்து எடுத்த மாதிரி.”